களனி முகத்துவாரத்தில் படகு பார்க்கப் போகிறவர்களுக்கு

கப்பல் கட்டிய கரை என்றதும் பெரிய தளத்தைத் தேடாதீர்கள். கொழும்பில் களனி ஆறு கடலில் விழும் மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் நீங்கள் தேட வேண்டியது படகுப் பலகையைக் கயிற்றால் தைத்த தையல். என் தாத்தா இங்கே ஓடாவியாக இருந்தார். கப்பல் தச்சனைக் குறித்த அந்தச் சொல் நம் நாட்டில் பிறகு மேசை, கதவு செய்பவருக்கும் ஆகிவிட்டது.

ஞாயிறு காலை போங்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்று தொழிலுக்குப் போவதில்லை. படகுகள் கரையில் இருக்கும், பெரியவர்களுக்கும் பேச நேரமிருக்கும். இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். தைத்த மர ஓருவை, அதாவது ஒரு பக்கம் மிதவைக் கட்டை உள்ள மீன்பிடிப் படகைப் பார்க்க நீர்கொழும்பு வரை போக வேண்டி வரலாம். அந்தப் பயணம் வீண்போகாது.

ஓருவின் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். கீழே குடைந்த மரம், மேலே நிற்கும் பலகை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வரிசையாகத் துளைகள், அவற்றில் தென்னங்கயிறு. இரும்பாணி கிடையாது. ஆணி உப்பில் துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும். கயிறோ படகு மணலில் மோதும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இற்றுப்போனால் பிரித்து மறுபடி தைக்கலாம். தாத்தா முழங்காலால் பலகையை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுப்பார். பிறகு இடுக்கில் தேங்காய்த் தும்பை அடைத்துக் குங்கிலியம் பூசுவார். கடைசியாக விரல் மடக்கித் தட்டிக் காது கொடுப்பார். மந்தமான ஒலி வந்தால் மரம் நீர் குடித்திருக்கிறது என்பார். நீங்களும் தட்டிப் பாருங்கள், உரியவரிடம் கேட்டுக்கொண்டு.

அடுத்து ஆற்றோரமாக கிராண்ட்பாஸ் பக்கம் வாருங்கள். 1822 இல் படகுகளை வரிசையாகக் கட்டி அவற்றின் மேல் பாலம் போட்டார்கள். 1895 இல் விக்டோரியா பாலம் வரும்வரை ஊர் அதில்தான் ஆற்றைக் கடந்தது. இவ்வளவு காலம் படகுகளைத் தண்ணீரில் வைத்திருக்க எத்தனை கைகள் வேண்டியிருந்திருக்கும்!

எதிர்க்கரையில், வத்தளைப் பக்கம், 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்த ஹமில்டன் கால்வாய். அதில் ஓலைக் கூரை போட்ட தட்டையான பாதைப் படகுகள் சரக்கு ஏற்றிப் போயின. மட்டக்களப்பில் வாவியைக் கடத்தும் மிதவையை இன்றும் பாதை என்றுதான் சொல்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தின் கடல்சார் அருங்காட்சியகத்தை இதற்கெல்லாம் பிறகு பாருங்கள். கையால் தொட்டுவிட்டுப் போனால் மாதிரிகள் புரியும்.

கைப்பேசியை விடக் குறிப்பேடு உதவும். ஏரா, வங்கு, அணியம் என்று பெரியவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அவர் படகின் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார் என்று படம் வரைந்துகொள்ளுங்கள். நான் சொற்களை மட்டும் எழுதினேன். தாத்தா சொன்ன இரண்டு சொற்கள் எந்த உறுப்பைக் குறித்தன என்று எனக்குச் சொல்ல இப்போது ஆள் இல்லை.