ஒரே குரல், இரண்டு லூப்: உங்கள் முதல் ஃபேஸ் இசை

சமகாலச் செவ்வியல் இசையைக் கேட்டால் ஒன்றும் பிடிபடவில்லை என்று சொல்லும் நண்பர்களிடம் நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒன்றைச் செய்து பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். இசைக்கருவி வேண்டாம், ஸ்வரம் தெரிய வேண்டாம். பதிவு செய்ய ஒரு கைபேசி, ஒரு கணினி, ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள், இவை போதும்.

ஒரே ஒலியின் இரண்டு நகல்கள் சேர்ந்து தொடங்கி, மெல்ல விலகி, மறுபடி சேர்வதுதான் ‘ஃபேஸ்’ (phase) உத்தி. முதலில் இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 1964இல் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒரு போதகர் பேசியதை அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் டேப்பில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் இரண்டு லூப்களாக்கி, இரண்டு இயந்திரங்களில் சேர்ந்து ஓடவிட்டார். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஒன்று மெல்ல மெல்ல விலகியது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே ஓடவிட்டுக் கேட்டார். ‘இட்ஸ் கோனா ரெய்ன்’ என்ற அவரது படைப்பு அப்படிப் பிறந்ததுதான். நாம் செய்யப்போவதும் அதே விலகல்தான், கணக்குப் போட்டு.

படி 1: குரலைப் பதிவு செய்தல்

உங்கள் சொந்தக் குரலையே பயன்படுத்துங்கள். அடுத்தவர் குரல் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். க, த, ட, ப போன்ற வல்லின ஒலிகள் நிறைந்த சொற்றொடராக இருப்பது முக்கியம். நான் எடுத்துக்கொண்டது ‘கதவு திறக்குது’. அதில் வரும் ‘க்கு’ ஒரு சின்ன மேளம் மாதிரி அடிக்கும். ‘மழை வருமோ’ போன்று இழையும் சொற்கள் இந்த முதல் முயற்சிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, வழக்கமாகப் பேசுவது போலவே ஒருமுறை சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் உடனே பதிவை நிறுத்தாமல் ஐந்து நொடி சும்மா இருங்கள். அறையின் அமைதியும் பதிவாக வேண்டும், அது நமக்குத் தேவைப்படும்.

படி 2: இரண்டு லூப் வெட்டுதல்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். பதிவை ஆடாசிட்டியில் திறந்து, சொல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கர்சரை வையுங்கள். கீழே உள்ள தேர்வுப் பட்டையில் ‘தொடக்கமும் நீளமும்’ காட்டும்படி மாற்றி, நீளம் 2.000 நொடி என்று கொடுங்கள். கன்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தினால் அந்தத் துண்டு புது ட்ராக்காக வந்து நிற்கும். அப்புறம் மறுபடி முதல் ட்ராக்குக்கே போய், தொடக்கத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் 2.020 ஆக்கி, அதையும் அதேபோல் நகலெடுங்கள். மூலப் பதிவின் ட்ராக்கை இனி ஆடாசிட்டியிலிருந்து நீக்கிவிடலாம், ஆனால் கைபேசியில் உள்ள பதிவை அழிக்காதீர்கள்.

கூடுதலாக வந்த அந்த 0.02 நொடியில் இருப்பது உங்கள் அறையின் அமைதி. அங்கே வெற்று மௌனத்தை ஒட்டினால் என்ன என்று தோன்றும். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி பொசுக்கென்று செத்துப் பிழைப்பது போல் கேட்டது.

இரண்டு துண்டுகளின் ஓரங்களையும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அலைக்கோடு நடுக்கோட்டைத் தொடாமல் பாதியில் அறுந்து நின்றால், லூப் திரும்பும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். தொடக்கத்தில் ஐந்து மில்லிநொடிக்கு ஃபேட் இன் (ஒலி மெல்ல எழுவது), முடிவில் அதே அளவுக்கு ஃபேட் அவுட் (மெல்ல அடங்குவது) கொடுத்தால் போய்விடும்.

படி 3: திரும்பத் திரும்ப

2.000 ட்ராக்கை முழுதாகத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் உள்ள ரிப்பீட்டில் 101 என்று கொடுங்கள். 2.020 ட்ராக்குக்கு 100. கணக்கு இதுதான்: 101 தடவை 2.00 என்றாலும் 100 தடவை 2.02 என்றாலும் 202 நொடிதான். அதாவது சரியாக 3 நிமிடம் 22 நொடியில் இரண்டும் மறுபடி சந்திக்கும். ஏற்கனவே இருக்கும் ஒரு சுற்றும் சேர்வதால், சந்தித்த பிறகு இரண்டும் ஒருமுறை ஒன்றாகச் சொல்லி முடிக்கும்.

முதல் ட்ராக்கின் ஒலி இடது காதில் மட்டும், மற்றதன் ஒலி வலது காதில் மட்டும் கேட்கும்படி, ட்ராக்கின் பேன் (pan) பட்டையை முழுக்க இடப்பக்கமும் வலப்பக்கமும் தள்ளுங்கள்.

படி 4: கேட்பது

ஹெட்போன் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரை கேளுங்கள். நடுவில் தாவாதீர்கள்.

முதல் சுற்றில் குரல் தலையின் நடுவில் நிற்கும். இரண்டாவதிலேயே இடப்பக்கம் சாயும். 20 மில்லிநொடி இடைவெளியை நம் காது இரண்டு ஒலியாகப் பிரிப்பதில்லை, முதலில் வந்த பக்கமே மூலம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆறாவது சுற்று வாக்கில் இடைவெளி பத்தில் ஒரு நொடியாகிவிடும். பெரிய கூடத்தில் பேசியது போல் எதிரொலி கேட்கும். அதற்குப் பின் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு குரலின் ‘க்கு’ மற்றக் குரலின் ‘த’வுக்குப் பக்கத்தில் போய் விழும், நீங்கள் சொல்லவே சொல்லாத தாளம் ஒன்று எழும். அர்த்தம் கரைந்து வெறும் ஒலியாகிவிடும். 101ஆவது நொடியில் ஒரு குரலின் இடைவெளியில் மற்றது சரியாக உட்கார்ந்து, கேள்வியும் பதிலுமாகப் பேசும். அங்கிருந்து எல்லாம் தலைகீழாகத் திரும்பும். கடைசிக்கு முந்தைய சுற்றில் குரல் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அப்புறம் நடுவுக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில் ரைஷ் 1967இல் எழுதிய ‘பியானோ ஃபேஸ்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். இயந்திரம் செய்ததை இரண்டு பியானோக் கலைஞர்கள் கையாலேயே செய்கிறார்கள். இருவரும் ஒரே 12 சுரக் கோவையில் தொடங்க, ஒருவர் வேகம் மாறாமல் வாசிக்கிறார், மற்றவர் துளித்துளியாக வேகம் கூட்டி ஒரு சுரம் முன்னால் போய் நிற்கிறார். நீங்கள் இப்போது செய்த லூப்பைக் கேட்ட காதோடு அதைக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் விலகிப் போகும்போது தன் வேகத்தை விடாமல் பிடித்திருப்பது எவ்வளவு கடினம் என்று உடனே புரியும்.

படி 5: சேமிப்பது, மாற்றிப் பார்ப்பது

வேவ் (WAV) வடிவில் சேமியுங்கள். இது பிடித்திருந்தால், மூலப் பதிவிலிருந்து இரண்டாம் லூப்பை 2.020க்குப் பதில் 2.005 ஆக வெட்டி, ரிப்பீட்டில் 401, 400 என்று கொடுங்கள். சந்திப்பு 802ஆவது நொடிக்குத் தள்ளிப்போகும். அந்த எதிரொலிப் பகுதியும் நான்கு மடங்கு நீளும்.