ராத்திரி சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் சுகர் ஏறுவது ஏன்? சர்க்கரை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சுகர் 100 (அதாவது 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம்) இருக்கும்போது அந்த ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் வெறும் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஒரு தட்டுச் சோற்றில் உள்ள மாவுச்சத்து இதைப்போலப் பத்து மடங்கு. அவ்வளவும் குடல் வழியாக ரத்தத்தில் கலந்தும், நீரிழிவு இல்லாதவருக்கு இரண்டு மணி நேரத்தில் அளவு 140-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. வந்த சர்க்கரையைத் தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் உடனுக்குடன் வாங்கிக்கொள்கின்றன. வாங்கிக்கொள்ளும்படி அவற்றுக்குச் சொல்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின்.

சுகர் என்றதும் வாய்வழியே உள்ளே போவதை மட்டுமே நாம் கணக்கில் எடுக்கிறோம். நாள்தோறும் நான் கேட்கும் தவறான யோசனைகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன.

முதலில், வெறும் வயிற்றுச் சுகரைப் பற்றிய குழப்பம். "ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில 160 காட்டுது" என்று வருந்துபவர்கள் அடுத்த நாள் அந்த இரண்டு இட்லியையும் நிறுத்திவிடுகிறார்கள். மறுநாளும் 160. அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு இட்லியிலிருந்து வரவில்லை, கல்லீரலிலிருந்து வந்தது. நாம் தூங்கும்போதும் மூளை குளுக்கோஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகக் கல்லீரல் சுமார் 100 கிராம் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கிறது. கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளுக்ககான் கேட்கும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, புதிதாகத் தயாரிக்கவும் செய்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூடும்போது இந்த வேலை வேகமெடுக்கும். போதும் என்று கல்லீரலை அடக்க வேண்டியது இன்சுலின். அதன் பேச்சு எடுபடாதபோது தேவைக்கு மேல் சர்க்கரை கொட்டுகிறது. மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரலின் இந்த உற்பத்தியைக் குறைப்பதுதான்.

ஆகவே ராத்திரிச் சாப்பாட்டை விடுவதால் காலைச் சுகர் சரியாகிவிடாது. இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் படுத்தால் நடு இரவில் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் பத்தியம் இருப்பதும் வீண் வேலை. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். (ரத்தசோகை இருந்தால் அந்த அளவே தப்பாக வரலாம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.)

அடுத்தது, "நான் குண்டு இல்லையே" என்ற நிம்மதி. இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அவர்கள் எல்லாரும் பருமனானவர்கள் அல்லர். நம் ஊர் உடல்வாகில் கைகால் மெலிந்திருக்கும், தொப்பை மட்டும் முன்னே நிற்கும். தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் சேரும் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அதனால்தான் ஐரோப்பியர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் உடல் நிறை எண் (பிஎம்ஐ) 30-ல் பருமன் என்றால், இந்தியர்களுக்கு 25 போதும். தராசைவிட அளவு நாடா நம்பகமானது. ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால், எடை எதுவானாலும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

தொப்பை விழுந்ததும் சுகர் ஏறிவிடாது. இன்சுலினுக்குத் திசுக்கள் மசியாதபோது கணையம் இரண்டு மூன்று மடங்கு சுரந்து பல ஆண்டுகள் சமாளிக்கும். அதுவரை ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே வரும். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் ஓய்ந்து போகத் தொடங்கும்போது முதலில் வெறும் வயிற்று அளவு 100-லிருந்து 125-க்குள் நிற்கும். அதை 'பார்டர்தான்' என்று விட்டுவிடுவதைப்போல வருத்தமான தவறு இல்லை, ஏனென்றால் திருப்பிவிட வழி நன்றாகத் திறந்திருக்கும் காலம் அதுதான். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு இந்தக் கட்டத்தில் இருந்தவர்களை மூன்றாண்டு கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் சுமார் 39 சதவீதம். நோய் வந்த பிறகும் கதவு மூடிவிடவில்லை. 2017-ல் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நீரிழிவு வந்து ஆறாண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத பருமனானவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே வந்திருந்தார்கள்.

உணவில் நடக்கும் தவறு பெரும்பாலும் பெயர் மாற்றம்தான். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் வருகின்றன. ரத்தத்தில் போய்ச் சேர்வதென்னவோ அதே சர்க்கரை. சோற்றை விட்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுவதிலும் லாபமில்லை. கேழ்வரகு நல்ல தானியம், ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் விறுவிறுவென்று சுகரை ஏற்றும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கில் சோறு என்று வைத்துக்கொண்டால் எந்தத் தானியம் என்ற சண்டையே வேண்டாம்.

தசையைப் பலர் மறந்தே போகிறார்கள். உடம்பிலேயே மிக அதிகமாகச் சர்க்கரையை வாங்கி வைக்கும் இடம் அது. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிடம் நடந்து பார்க்கட்டும். சாப்பிட்ட பின் எடுக்கும் அளவிலேயே வித்தியாசம் தெரியும். கூடவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து எழும் பயிற்சியோ பளு தூக்கலோ வேண்டும். வயதாக ஆகத் தசை கரைகிறது.

சுகர் நார்மல் ஆனதும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். அந்த நார்மல், மாத்திரையும் சேர்ந்து கொண்டுவந்தது. குறைக்கலாமா என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக லோ சுகர். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்து அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள், ஏறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.