குருத்தெலும்பும் அழுத்தமும்: அகார் அகாரைக் கொண்டு ஒரு செய்முறை

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குருத்தெலும்புத் திசுவை அழுத்தம் எவ்வாறு மாற்றுகிறது என்பதைச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரின் ஆறாம் படிவ மாணவர்கள் அறிவியல் கண்காட்சியில் விளக்க விரும்பினால், மளிகைக் கடையில் கிடைக்கும், கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார் அகார் தூளே போதும். ஆய்வாளர்கள் உயிரணுக்களைப் பதித்து வளர்க்கும் அகரோஸ் கூழும் அகாரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதுதான்.

இனிப்பில்லாத தூள் 2 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் முற்றிலும் கரையும்வரை கொதிக்கவைத்து, தட்டில் 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி உறையவிடுங்கள். ஒரே அளவில் மூன்று வில்லைகளை வெட்டி, நிறுத்துக் குறித்துக்கொண்டு, மூன்றையும் நீரில் வையுங்கள். முதலாவதைத் தொட வேண்டாம். இரண்டாவதன்மேல், அது பிளந்துவிடாத அளவுக்கு ஒரு பாரத்தை ஒரு மணி நேரம் ஏற்றி வையுங்கள். மூன்றாவதன் இருபுறமும் 9 மில்லிமீட்டர் உயரமுள்ள தடுப்புக் கட்டைகளை நிறுத்தி, வில்லையின்மேல் வைத்த தகட்டை நொடிக்கு ஒருமுறை தடுப்பைத் தொடும்வரை அழுத்தி விடுங்கள். அதே ஒரு மணி நேரத்துக்கு ஆள் மாற்றி அழுத்தலாம். இதனால் வில்லையின் உயரம் ஒவ்வொரு முறையும் 10 விழுக்காடு குறையும்; கட்டை இல்லாமல் கையை நம்பினால் இந்த அளவு நிலைக்காது. பின்னர் மேல் ஈரத்தை ஒற்றியெடுத்து மீண்டும் நிறுங்கள். நிலையான பாரத்தின் கீழிருந்த வில்லை நீரை இழந்திருக்கும். மூன்றாவதிலோ அழுத்தும்போது ஓரங்களில் வெளியேறும் நீர், விடும்போது பெரும்பாலும் உள்ளே திரும்புகிறது.

இந்தக் கூழில் உயிரணு இல்லை என்பதைப் பலகையில் தெளிவாக எழுதிவையுங்கள். உயிரணு இருந்தால் நடப்பதே முக்கியம். 2000-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாட்டுக் கன்றின் குருத்தெலும்பு உயிரணுக்களை அகரோசில் பதித்து, இதே 10 விழுக்காடு, நொடிக்கு ஒருமுறை என்ற அளவில், ஒரு மணி நேரம் அழுத்தி ஒரு மணி நேரம் ஓய்வு தந்து, நாளுக்கு மூன்று முறை, வாரத்துக்கு ஐந்து நாள் இயக்கினர். 28 நாள் கழித்து, அழுத்தப்படாத திசுவின் விறைப்பு ஏறத்தாழ 15 கிலோபாஸ்கலாக (விறைப்பை அளக்கும் அலகு) இருக்க, அழுத்தப்பட்டது 100 கிலோபாஸ்கலை எட்டியது. இயற்கைக் குருத்தெலும்பு பல நூறு கிலோபாஸ்கல் என்பதால், இதை முழு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். தொடர்ந்து நசுக்கும் பாரமோ, திசுவில் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கன் என்ற மூலக்கூறுகளின் உற்பத்தியைக் குறைக்கிறது. ஆகவே பாரத்தின் அளவைக் காட்டிலும் அதன் தாளத்தையே பார்வையாளர் முன் நிறுத்துங்கள்.

பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் முழங்கால் வலியோடு வரும் பெரியவர்கள், மூட்டை அழுத்திவிட்டால் சரியாகுமா என்று நிச்சயம் கேட்பார்கள். இது ஆய்வகத் திசுவைப் பற்றியது மட்டுமே என்று மரியாதையாகச் சொல்லி, வலிக்கு அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லும்படி கூறுங்கள்.