வெளிநாட்டுப் பயணத்தில் பெரிய அளவு உடை: கடையும் தையல்காரரும்

கிளம்பும் முன் மார்பு, இடுப்பு, பின்புறச் சுற்று, மேல்கை, தொடை ஆகியவற்றை செ.மீ.யில் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்பவே வேண்டாம்; கடைக்குக் கடை மாறும். எண்ணும் அப்படித்தான்: பெண்கள் உடையில் அமெரிக்காவின் 16, பிரிட்டனில் சுமார் 20.

உள்ளாடை கிடைப்பதுதான் மிகவும் கஷ்டம். பெட்டி தொலைந்தாலும் சமாளிக்க, இரண்டு செட்டைக் கைப்பையிலேயே வையுங்கள்.

தைக்கக் கொடுப்பதென்றால் ஊர் சேர்ந்த முதல் நாளே கொடுங்கள்; திருத்த நாள் வேண்டுமே. நன்றாகப் பொருந்தும் பழைய உடை ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். மொழி தெரியாத இடத்தில் அதுவே பேசும். ஆனால் மாதிரி இழுபடும் துணியாகவும் புதுத்துணி இழுபடாத பருத்தியாகவும் இருந்தால், அப்படியே வெட்டியது அக்குளிலும் மேல்கையிலும் இறுக்கும். அப்போது உடலளவை எடுக்கச் சொல்லி, மார்புச் சுற்றில் 8 முதல் 10 செ.மீ. கூட்டச் சொல்லுங்கள். பருத்தி சுருங்கும், வெட்டும் முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். பக்கத் தையலுக்கு உள்ளே 2 செ.மீ. துணி விட்டால் பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம்.

போட்டுப் பார்க்கும்போது நின்றால் போதாது. உட்காருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மீதிப் பணம் அதன் பிறகுதான்.