இயர்பட்ஸ் காதில் நிற்கவில்லையா? பெரிய டிப்பைத் தேடாதீர்கள்

இயர்பட்ஸ் காதில் தங்கவே மாட்டேன் என்கிறது என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள், ஆரம்ப காலத்தில் நான் செய்ததையெல்லாம் வரிசை பிசகாமல் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். இடது வலது மாற்றிப் போடுவது, டிப்பை, அதாவது பட்ஸின் முனையில் மாட்டும் மெத்தென்ற உறையை, துடைக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை நாலு நாளில் தானாகப் புரிந்துவிடும். சின்னத் துளை, வளைவு அதிகமான துளை, ஆழமில்லாத காதுக் குழி, வலது ஒரு மாதிரி இடது ஒரு மாதிரி என்று அமைந்தவர்கள் பணத்தையும் காதையும் கெடுத்துக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விழுகிறது என்றதும் பெரிய டிப் போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பெட்டியில் எஸ், எம், எல் என்று மூன்று ஜோடி சிலிகான் டிப் இருக்கும். பட்ஸில் எம் மாட்டியே வரும். அது நழுவுகிறது. உடனே கை எல்லுக்குப் போகிறது. இறுக்கமாக இருந்தால் விழாது என்பது கணக்கு. காதில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும்.

காதுத் துளை நேரான குழாய் இல்லை. பெரியவர்களுக்கு சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். வாயிலிலிருந்து செவிப்பறை வரை லேசாக வளைந்து வளைந்து போகும். வெளிப்பக்கம் இருக்கும் மூன்றில் ஒரு பங்குதான் குருத்தெலும்பு. அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதற்கும் உள்ளே எலும்பு, அதன் மேல் மிக மெல்லிய தோல். டிப் உட்கார வேண்டியது அந்த வெளிப் பகுதியில்தான். அளவான டிப் வாயிலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போய், சுற்றுச்சுவர் முழுக்கத் தோலோடு படிந்து உட்காரும். பெரிய டிப்போ வாயிலிலேயே மாட்டிக்கொள்ளும். நுனி மட்டும் உள்ளே, அகன்ற பாகம் வெளியே. நசுங்கிய சிலிகான் விரியப் பார்க்கும், விரிய இடம் இருப்பதோ வெளிப்பக்கத்தில். ஈரச் சோப்பை இறுக்கிப் பிடித்தால் கையை விட்டு வழுக்குகிறதே, அதேதான் இங்கும்.

இதோடு தாடை சேர்ந்துகொள்ளும். தாடை மூட்டு துளையின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. சுண்டுவிரல் நுனியைத் துளை வாயிலில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், சுவர் அசைவது தெரியும். பேசும்போதும் மெல்லும்போதும் சிரிக்கும்போதும் துளையின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. வாயிலில் தொற்றிக்கொண்டிருக்கும் பெரிய டிப்பை ஒவ்வொரு அசைவும் இம்மி இம்மியாக வெளியே தள்ளும். பாட்டு கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் நிற்கிறது, போனில் பேச ஆரம்பித்தால் விழுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், "அக்கா, எனக்குக் காது ஓட்டை ரொம்பப் பெருசு போல. எதைப் போட்டாலும் விழுது" என்று வந்தாள். எல் டிப் போட்டிருந்தாள். அப்படியே இரு என்று சொல்லி, பக்கவாட்டில் போனை வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். சிலிகானின் ஓரம் ஓர் இடத்தில் மடிந்து, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த மடிப்பு வழியாகத்தான் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, முழுக்கக் கசிந்துகொண்டிருந்தது. சத்தம் சப்பென்று இருக்கிறது என்று அவள் வால்யூமை ஏற்றி ஏற்றி வைத்திருந்தாள். கழற்றிப் பார்த்தால் துளை வாயிலைச் சுற்றிச் சிவந்த வளையம். அவள் வாங்கியதில் அது மூன்றாவது ஜோடி. முதலாவது தம்பிக்குப் போய்விட்டது, இரண்டாவது மேஜை டிராயரில் கிடந்தது.

என்னிடம் இருந்த, எஸ்ஸைவிடச் சிறிய எக்ஸ்எஸ் டிப்பை மாட்டிக் கொடுத்தேன். போட்ட கையோடு, "என் குரலே உள்ளேயிருந்து கேக்குதுக்கா" என்றாள். அதுதான் நான் எதிர்பார்த்தது. துளை சரியாக அடைபட்டால் நம் குரல் மண்டைக்குள் குடுகுடுவென்று ஒலிக்கும். எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குவதால் அப்படி. அவளுக்குத் துளை பெரிது இல்லை, ரொம்பச் சிறிது. டிராயரில் கிடந்த ஜோடியும் எக்ஸ்எஸ் போட்டதும் நின்றுவிட்டது. மூன்றாவது ஜோடியை வாங்கியிருக்கவே தேவையில்லை.

பணத்தைக்கூட விடுங்கள். காற்று கசிந்தால் முதலில் போவது தாழ்ந்த ஒலிகள். வெளிச் சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் அதிகம் குறைப்பதும் இஞ்சின் இரைச்சல், மின்விசிறிச் சத்தம் மாதிரியான தாழ்ந்த ஒலிகளைத்தான். கசிவு இருந்தால் அதுவும் பாதிதான் வேலை செய்யும். இரண்டுக்கும் ஈடுகட்டக் கை வால்யூமுக்குப் போகும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கசியும் டிப்போடு சத்தமான இடத்தில் கேட்பவர் இந்த எல்லைக்குள் நிற்பது கஷ்டம்.

ஆகவே சின்னதிலிருந்து மேலே போங்கள். துளையை அடைக்கும் டிப்களில் ஆகச் சிறியது எதுவோ அதுதான் உங்கள் அளவு. பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பட்ஸை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது, அடுத்த அளவுக்குப் போகலாம். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். நிஜமாகவே பெரிய துளை உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கு எம் டிப் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விடும், பட்ஸைத் திருப்பினால் லொடலொடவென்று சுற்றும். அந்த அறிகுறி இருந்தால் மட்டும் எல் டிப்பைத் தொடுங்கள்.

போடும் விதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை கொஞ்சம் நேராகும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, பட்ஸை உள்ளே விட்டுச் சற்றுத் திருப்பி உட்காரவைத்து, பிறகு மடலை விடுங்கள். அளவு தப்பு என்று ஒதுக்கிவைத்த டிப்பில் சில இப்படிப் போட்டால் சரியாக உட்கார்ந்துவிடும்.

குழியில் இடிப்பதற்கு டிப்பைக் குறை சொல்வது

பட்ஸ் காதைத் தொடுவது இரண்டு இடங்களில். டிப் துளைக்குள், உடல் பாகம் வெளியே இருக்கும் குழிக்குள். குழி சிறிதாக இருந்து பட்ஸின் உடல் பருமனாக இருந்தால், அது பின்பக்க மேட்டில் இடித்து, டிப் மாட்டியிருக்கும் குழாயான நாசிலை நெம்புகோலாக வெளியே தூக்கும். இந்த நிலையில் எந்த டிப் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. அரை மணி நேரம் போட்டுக் கழற்றியதும் காதைப் படம் எடுங்கள். சிவப்பு துளை வாயிலில் இருந்தால் டிப் பிரச்சினை. குழியின் விளிம்பிலோ, துளைக்கு முன்னால் துருத்தியிருக்கும் சின்ன மேட்டின் உட்பக்கத்திலோ அழுத்திய தடம் இருந்தால் பட்ஸின் உடல் பாகம்தான் பிரச்சினை. இரண்டாவது வகை என்றால் வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும். உடல் சிறியதாகவோ, கீழே தண்டு தொங்குவதாகவோ இருப்பது நல்லது. எடையையும் பாருங்கள். சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 ஒரு பக்கம் 7.3 கிராம், 2023-ல் வந்த எக்ஸ்எம்5 5.9 கிராம். எண்ணில் பார்த்தால் அற்பமாகத் தெரியும், ஆனால் உடல் பருமனும் சேர்ந்து குறைந்ததால் சின்னக் குழிக்காரர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

குழி அகலமாக, ஆழமில்லாமல் இருப்பவர்களுக்கு நேர்மாறான கஷ்டம். பட்ஸ் சாய்ந்துகொள்ள எதுவும் இருக்காது. அவர்களுக்குக் குழியின் மேல் மடிப்பில் செருகி நிற்கும் சிலிகான் சிறகு உள்ள மாடல்கள் சரிவரும். போஸ் 2022-ல் கொண்டுவந்த குயட்கம்ஃபர்ட் இயர்பட்ஸ் 2-ல் டிப் தனியாக மூன்று அளவு, உடலைச் சுற்றி மாட்டும் பட்டை தனியாக மூன்று அளவு என்று கொடுத்தார்கள். துளையும் குழியும் தனித்தனி அளவு என்பதைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது.

இரண்டு காதுக்கும் ஒரே அளவு

வேண்டாம். வலதுக்கு எம், இடதுக்கு எஸ் என்று போடுவது முழுக்கச் சரி.

பெட்டியில் எக்ஸ்எஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது

ஏர்பாட்ஸ் ப்ரோ 2019-ல் வந்தபோது மூன்றே அளவுதான். 2022-ல் வந்த அடுத்த தலைமுறையில்தான் எக்ஸ்எஸ் சேர்ந்தது. சோனி எக்ஸ்எம்5-ல் அதே மாதிரி எஸ்ஸைவிடச் சிறிய எஸ்எஸ் இருக்கிறது. சின்னக் காதுக்காரர்களுக்கு நல்ல காலம்தான். ஆனால் டிப்புக்குள் இருக்கும் நாசில் பருமனாக இருந்தால் எக்ஸ்எஸ் பெயருக்குத்தான். மெல்லிய சிலிகானுக்குப் பின்னாலேயே கெட்டி பிளாஸ்டிக் நிற்கும். நசுங்கிக் கொடுக்க நடுவில் இடமே இருக்காது. டிப்பைக் கழற்றி நாசிலைப் பாருங்கள். அது உங்கள் சுண்டுவிரல் நுனிக்குக் கிட்டத்தட்ட வருகிறது என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். நாசிலின் வடிவமும் முக்கியம். துளை பலருக்கும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவே இருக்கும் என்பதால், நீள்வட்ட நாசில் சிலருக்குச் சட்டென்று பொருந்திவிடும்.

ஆப் காட்டும் பச்சைக்குறியை நம்புவது

சில மாடல்களின் ஆப்பில் இருக்கும் பொருத்தம் பார்க்கும் சோதனை, ஒரு ஒலியை ஓடவிட்டு உள்பக்க மைக்கால் கசிவை அளக்கிறது. நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில விநாடியில் அடைப்பு இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வலிக்குமா, பேசினால் விழுமா என்பது தெரியாது. சோதனை முடிந்ததும் வாயை அகலத் திறந்து மூடி, மெல்வது போலத் தாடையை ஆட்டி, குனிந்து நிமிர்ந்து, மறுபடி ஒரு தடவை அதே சோதனையை ஓடவிடுங்கள். இரண்டாவது முடிவுதான் கணக்கு.

வேறு டிப் வாங்கும்போது கேஸை மறப்பது

தெரிந்தவர் ஒருவர் இடது பட்ஸின் பேட்டரி போய்விட்டது என்று சர்வீஸுக்கே கிளம்பிவிட்டார். கேஸைத் திறந்து பார்த்தேன். அவர் தனியாக வாங்கிப் போட்ட டிப் உயரம் கூடுதல். மூடி மூடிக்கொள்ளும், ஆனால் பட்ஸ் அடியில் இருக்கும் சார்ஜ் முனையைத் தொடாமல் ஒரு மயிரிழை மேலே நிற்கும். இரவெல்லாம் கேஸில் இருந்தும் சார்ஜ் ஏறாது. கேஸுக்குள் போனதே அதற்குத் தெரியாது என்பதால் சில மாடல் போனோடு இணைந்தபடியே இருந்து, இருந்த சார்ஜையும் தீர்த்துவிடும். தனி டிப் வாங்குவதற்கு முன் உயரம், அகலம், நாசிலில் மாட்டும் உள்வட்டத்தின் அளவு மூன்றையும் பாருங்கள். ஏர்பாட்ஸ் ப்ரோ டிப்பின் மாட்டும் முறையே தனி, சாதாரண டிப் அதில் நேரடியாக ஏறாது.

ஃபோம் டிப்பை உருட்டாமல் திணிப்பது

ஃபோமை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே திணித்தால் சிலிகானைவிட மோசமாக வெளியே வரும். ஒழுங்கற்ற துளைக்கு ஃபோம் மிக நன்றாக உட்காரும், வியர்வையில் சிலிகான் வழுக்குகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் குறும்பியையும் வியர்வையையும் உறிஞ்சி, சில மாதத்தில் உப்பும் தன்மை போய்விடும். மிகச் சின்னத் துளைக்காரர்களுக்கு அது விரியும்போது தரும் அழுத்தமே வலியாகலாம்.

ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து முடிவெடுப்பது

வலி பெரும்பாலும் அரை மணிக்கு மேல்தான் வரும். திருப்பித் தரும் வசதி டிப் காதில் பட்ட பிறகும் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; சுகாதாரக் காரணம் காட்டி மறுக்கும் விற்பனையாளர்கள் உண்டு.

பழகினால் வலி போய்விடும் என்று பொறுப்பது

போகாது.

துளைக்குள் போகும் வகைதான் வேண்டும் என்ற பிடிவாதம்

எஸ்எஸ் டிப்பும் வலிக்கிறது, ஃபோமும் வலிக்கிறது, அல்லது காதில் அரிப்பும் நீரும் வருகிறது என்றால் டிப் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் காது மருத்துவரிடம் காட்டுங்கள். குறும்பி அடைப்போ, தோல் அழற்சியோ, துளைக்குள் எலும்பு வளர்ச்சியோ இருக்கலாம். காதில் ஒன்றுமில்லை, அமைப்பே அப்படித்தான் என்று தெரிந்தால், காது அச்சு எடுத்து உங்களுக்கென்றே செய்யும் டிப் ஒரு வழி. செலவு பிடிக்கும், ஆனால் இரண்டு மூன்று ஜோடி வாங்கி ஒதுக்கியவர்களுக்கு அது அதிகமாகத் தோன்றாது.

இன்னொரு வழி துளையை அடைக்காத வகைகள். காது மடலின் ஓரத்தில் கவ்வி நிற்பவை, காதுக்குப் பின்னால் வளையம் போட்டுத் துளைக்கு முன்னால் ஸ்பீக்கரை நிறுத்துபவை, கன்ன எலும்பு வழியாக அதிர்வை அனுப்புபவை. பேஸ் குறையும், சத்தமான பேருந்திலோ ரயிலிலோ பாட்டு சரியாகக் கேட்காது, அங்கே வால்யூமை ஏற்றவும் கூடாது. வீட்டிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்கப் பேசுவதற்கு இவை தாராளமாகப் போதும். கண்ணாடி போடுகிறவர்கள், காதுக்குப் பின்னால் வளையம் போகும் மாடலைக் கண்ணாடியோடு சேர்த்துப் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கண்ணாடிக் காம்பும் வளையமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்.