குவிக் பாஸ் பத்திரமான பாஸ் இல்லை: கவரேஜைப் படிக்காமல் எறிவதால் வரும் தவறுகள்

2015 பிப்ரவரி 1, அரிசோனா மாநிலத்தின் கிளென்டேல் நகரம். அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல், 49ஆவது முறை, முடிய அரை நிமிடம்கூட இல்லை. நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. பந்து சியாட்டிலிடம், கோல் கோட்டுக்கு 1 யார்டு தூரத்தில். சியாட்டிலின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ரஸ்ஸல் வில்சன் எறிந்த ஸ்லான்ட் பாஸை, அதாவது உள்பக்கம் சாய்வாக வெட்டி ஓடுபவருக்கான பாஸை, நியூ இங்கிலாந்து தடுப்பாட்டக்காரர் மால்கம் பட்லர் முந்திப் பாய்ந்து பிடித்தார். கோப்பை நியூ இங்கிலாந்துக்குப் போனது. "எறியாமல், பந்தை ஏந்தி ஓடும் மார்ஷான் லின்ச்சிடம் கொடுத்து ஓடவிட்டிருக்கலாமே" என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த வாதத்தில் அக்கறை குறைவு. பாஸ் எறிந்ததே தப்பு என்று சொல்லி முடித்துவிட்டால், அந்தப் பாஸுக்குள் எது தவறியது என்று யாரும் பார்க்க மாட்டோம்.

வலப்பக்கம் சியாட்டிலின் இரண்டு ரிசீவர்கள் (பாஸைப் பிடிக்க ஓடுபவர்கள்), ஒருவருக்குப் பின் ஒருவர். முன்னால் நின்ற ஜெர்மெய்ன் கர்ஸ், பட்லர் வரும் வழியில் குறுக்கே நுழைய வேண்டும். அந்த மறைவில் பின்னால் நின்ற ரிக்கார்டோ லாக்கெட் உள்பக்கமாக வெட்டி ஓட வேண்டும். திட்டம் அவ்வளவுதான். ஆனால் கர்ஸுக்கு நேர் எதிரே நியூ இங்கிலாந்தின் பிராண்டன் பிரௌனர் முகத்தோடு முகமாக நின்றிருந்தார். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து குவார்ட்டர்பேக்கிடம் வந்து ஆட்டம் தொடங்கியதும், இரண்டு கையாலும் கர்ஸின் மார்பைப் பிடித்துத் தடுத்தார். கர்ஸால் இருந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. பட்லரின் பாதை திறந்து கிடந்தது. இதே திட்டத்தை முன்பு பயிற்சியில் எதிர்கொண்டு தோற்றிருந்ததால், இரண்டு ரிசீவர்கள் அப்படி நின்றதைப் பார்த்ததுமே பட்லருக்குச் செய்தி புரிந்துவிட்டது. வில்சன் லாக்கெட்டைப் பார்த்தார். கர்ஸ் நகர்ந்தாரா என்பதைப் பார்க்கவில்லை.

குவிக் பாஸில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு இதுதான் மூலம். ரிசீவரையே பார்த்துக்கொண்டிருப்போம், அந்த ஆட்டத்தை முடிவு செய்யப்போகிற ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரை விட்டுவிடுவோம். ஒவ்வொரு குவிக் பாஸும் அப்படிப்பட்ட ஒருவரைக் குறிவைத்துத்தான் வரையப்படுகிறது. கவரேஜ், அதாவது பாஸைத் தடுக்க எதிரணி ஆட்களைக் காவலுக்கு நிறுத்தும் முறை, மாறினால் அந்த ஆளும் மாறுவார்.

குவிக் பாஸ் என்றால் குவார்ட்டர்பேக் மூன்று எட்டு வைத்துப் பின்வாங்கி, ஏறக்குறைய இரண்டு நொடிக்குள் பந்தைக் கையைவிட்டு அனுப்புவது. ரிசீவர்கள் 5, 6 யார்டுக்குள் திரும்பிவிடுவார்கள். பயிற்சியாளர் பில் வால்ஷ் 1970இல் சின்சினாட்டி அணியில் குவார்ட்டர்பேக் விர்ஜில் கார்ட்டரை வைத்து இந்த முறையைச் செதுக்கினார். கார்ட்டருக்குத் தூரமாக எறியும் கைவலு இல்லை. குறுகிய, நேரம் தவறாத பாஸ்களே ஓட்டத்துக்கு ஈடாக நின்றன. அன்றிலிருந்து "கிட்டத்தில் எறிந்தால் ஆபத்தில்லை" என்ற எண்ணமும் கூடவே வளர்ந்துவிட்டது. தூரப் பாஸ் பறிபோனால் எதிரணி தன் எல்லைக்குள் ஆழத்தில்தான் பந்தைப் பெறும். குறுகிய பாஸைப் பறிப்பவரோ முன்னோக்கி ஓடிவரும் வேகத்திலேயே பிடிக்கிறார். அவருக்கு முன்னால் வெறும் திடல்தான்.

சேஃப்டிகளை மட்டும் எண்ணுவது

சேஃப்டி என்றால் பின்னால் ஆழத்தில் நிற்கும் காவலர்; கவரேஜ் பெயரில் வரும் எண், ஆழத்தைக் காப்பவர்களின் எண்ணிக்கை. பின்னால் ஒரு சேஃப்டி நின்றால் கவர் 1 அல்லது கவர் 3, இரண்டு பேர் நின்றால் கவர் 2 அல்லது கவர் 4 என்று எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். தொடங்குவதற்கு இது போதும். ஆனால் அந்த "அல்லது" என்ற இடத்தில்தான் பாஸ்கள் பறிபோகின்றன. கவர் 2இல் கார்னர்பேக் (வெளி ரிசீவருக்கு எதிரே நிற்கும் காவலர், சுருக்கமாகக் கார்னர்) பக்கவாட்டுக் குறும்பகுதியை, அதாவது ஃப்ளாட்டை, தானே காவல் காக்கிறார். கவர் 4இல் அதே கார்னர் பின்னோக்கிப் போய் ஆழத்தைக் காக்கிறார், ஃப்ளாட் காலியாகிறது. பின்னால் நிற்கும் இரண்டு சேஃப்டிகளும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கவர் 4இல் ஹிட்ச், அதாவது சற்றே ஓடிச் சட்டென நின்று திரும்பிப் பிடிக்கும் பாஸ், இலவசம். கவர் 2இல் அதே ஹிட்ச் நேராகக் கார்னரின் கைக்குப் போகும்.

ஆகவே சேஃப்டிகளைப் பார்த்த கையோடு கார்னரைப் பாருங்கள். 7, 8 யார்டு தள்ளி நிற்கிறாரா, 5 யார்டில் நின்று இடுப்பை உள்பக்கம் திருப்பியிருக்கிறாரா? அவர் கண் எங்கே இருக்கிறது? குவார்ட்டர்பேக்கையே பார்க்கிறார் என்றால் பெரும்பாலும் ஸோன், அதாவது ஆளை அல்ல, இடத்தைக் காப்பது. ரிசீவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்றால் ஆளுக்கு ஆள் காவல், அதாவது மேன். ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரை மறுபக்கம் நகரவிட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. ஒருவர் அவர் பின்னாலேயே ஓடி வந்தால் மேன் என்று துணிந்து நம்பலாம்.

ஸ்லான்ட்-ஃப்ளாட்டை எல்லாவற்றுக்கும் எறிவது

பள்ளி அணி முதல் தொழில்முறை லீகான என்எஃப்எல் வரை எல்லோரிடமும் இருக்கும் ஆட்டம் இது. வெளி ரிசீவர் மூன்று எட்டு நேராக ஓடி உள்பக்கம் சாய்வாக வெட்டுவார். அவருக்கு உள்ளே நிற்பவர் ஃப்ளாட்டுக்கு ஓடுவார். கவர் 3க்கு எதிராக இதைவிட எளிதான பாஸ் இல்லை. அங்கே ஃப்ளாட்டைக் காக்க வேண்டியவர் உள்ளே நிற்கும் லைன்பேக்கரோ (முன்வரிசைக்குப் பின் நிற்கும் காவலர்) சேஃப்டியோதான். அவர் ஃப்ளாட் ரிசீவரைத் துரத்தி வெளியே ஓடினால் அவர் விட்டுப்போன இடத்தில் ஸ்லான்ட். ஓடாமல் நின்றால் ஃப்ளாட். ஒரே ஆளைப் பார்த்து ஒரே முடிவு.

இதையே கவர் 2க்கு எதிராக எறியும்போது குவார்ட்டர்பேக் பழைய ஆளையே பார்ப்பதுதான் தவறு. இங்கே ஃப்ளாட்டைக் கார்னர் பார்த்துக்கொள்கிறார். ஆகவே வெளிப்பக்க லைன்பேக்கர் எங்கும் ஓட வேண்டியதில்லை. ஸ்லான்ட் வந்து விழும் இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். "அவர் நகரவில்லை, அப்படியானால் ஃப்ளாட்" என்று எறிந்தால் அங்கே கார்னர் காத்திருக்கிறார். சரி ஸ்லான்ட் என்று போனால் லைன்பேக்கரின் மார்பில் போய் விழும். இரண்டு வழியும் அடைபட்டுவிடும்.

கவர் 2 என்று தெரிந்தால் என் முதல் தேர்வு இரட்டை ஸ்லான்ட். உள் ரிசீவரின் ஸ்லான்ட் அந்த லைன்பேக்கரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். வெளி ரிசீவரின் ஸ்லான்ட் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து சேரும். இன்னொரு வழி ஸ்னாக். ஒருவர் திடலின் ஆழ மூலையை நோக்கி ஓடும் கார்னர் ரூட் (ரூட் என்றால் ரிசீவர் ஓடும் பாதை), ஒருவர் ஃப்ளாட், ஒருவர் 5, 6 யார்டில் உள்ளே திரும்பி நிற்பார், முக்கோணம் உருவாகும். கார்னர்பேக் ஃப்ளாட்டுக்கு இறங்கினால் அவர் தலைக்கு மேலே, சேஃப்டி வந்து சேருவதற்கு முன் பந்து விழ வேண்டும். பயிற்சியாளர்கள் டோனி டங்கியும் மான்டி கிஃபினும் பெயர் வாங்கித் தந்த, கவர் 2இன் ஒரு வகையான டாம்பா 2வில் நடு லைன்பேக்கர் ஆழத்துக்கு ஓடிவிடுவார். அவர் விட்டுச்செல்லும் நடுப்பகுதியில் 5, 6 யார்டுக்குத் திரும்பி நிற்கும் ரிசீவர் கிடைப்பார். ஆனால் பிடித்த இடத்திலேயே இரண்டு பேர் மோதி வீழ்த்துவார்கள். அதிக யார்டு எதிர்பார்க்கக் கூடாது.

ஹிட்ச், அவுட் பாஸ்களில் அட்டவணையை நம்புவது

எந்தக் கவரேஜுக்கு எந்த ரூட் என்று எழுதி வைத்த அட்டவணை, "கவர் 3 வந்தால் ஹிட்ச்" என்று சொல்லும். கார்னர் தள்ளி நின்றால் அது சரி. சியாட்டிலின் தடுப்பாட்டக் குழு லீஜன் ஆஃப் பூம் என்று பெயர் பெற்றிருந்த காலத்தில் கார்னர் ரிச்சர்ட் ஷெர்மன் கவர் 3 ஆடும்போதே ரிசீவரின் முகத்துக்கு நேரே வந்து நிற்பார். பெயர் கவர் 3தான், ஆனால் ஹிட்சுக்கு இடமே கிடைக்காது. கார்னர் முட்டி நின்றால் ஹிட்ச் ஓட வேண்டிய ரிசீவர் ஃபேட், அதாவது பக்கக் கோட்டை ஒட்டி நேராக ஆழத்துக்கு, ஓட வேண்டும் என்று பல அணிகள் முன்கூட்டியே பேசி வைத்திருக்கும். ரிசீவர் மாற்றி ஓடி, குவார்ட்டர்பேக் மாற்றாமல் எறிந்தால் பந்து யாருமில்லாத இடத்தில் போய் விழும். அது நல்ல நாளில். கெட்ட நாளில் கார்னர் அங்கே இருப்பார்.

ரிசீவர் பக்கக் கோட்டை நோக்கி வெட்டி ஓடும் அவுட் பாஸ் இன்னும் இரக்கமற்றது. 5 யார்டு அவுட் என்று காதுக்குச் சின்னதாகக் கேட்கும். திடலின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் ஹாஷ் குறி (ஆட்டம் தொடங்கப் பந்து வைக்கும் இடத்தின் எல்லைக் குறி) பக்கக் கோட்டிலிருந்து 60 அடியில் இருக்கிறது. பந்து இடது ஹாஷில் இருக்க, வலக்கோட்டை ஒட்டி அவுட் எறிந்தால் குறுக்காக மட்டுமே சுமார் 100 அடி. ஷாட்கன் ஆழத்தையும், அதாவது குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்பதையும், சேர்த்தால் 30 யார்டைத் தாண்டும். அவ்வளவு நேரம் பந்து காற்றில் இருக்கும்போது 5 யார்டில் நிற்கும் கார்னர் இரண்டு எட்டில் வந்துவிடுவார். அகலமான பக்கத்துக்கு அவுட் எறியும் ஆசையைப் பெரும்பாலான இளம் குவார்ட்டர்பேக்குகள் விட்டுவிடுவது நல்லது. என்எஃப்எல்லில் ஹாஷ் குறிகள் நடுவுக்கு நெருக்கமாக இருப்பதால் சிக்கல் குறைவு. டிவியில் பார்த்துவிட்டு அப்படியே எறிய முயல்வதால் வரும் கேடு இது.

கால் கணக்கும் இதில் அடங்கும். மூன்றாவது கால் தரையில் பட்டதும் பந்து கிளம்ப வேண்டும். உறுதி செய்துகொள்ள இன்னொரு சின்ன எட்டு வைத்தால் ஹிட்சில் தப்பிக்கலாம், அவுட்டில் முடியாது.

நிற்க வேண்டிய இடத்தில் ஓடுவது, ஓட வேண்டிய இடத்தில் நிற்பது

இது ரிசீவர்களுக்கு. ஸோனுக்கு எதிராக இரண்டு காவலர்களுக்கு நடுவே இடம் கிடைத்ததும் வேகத்தைக் குறைத்து, குவார்ட்டர்பேக்குக்கு முகம் காட்டி நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் ஒருவரை விட்டு அடுத்தவரிடம் நாமே போய்ச் சேருவோம். மேனுக்கு எதிராக நின்றால் பின்னால் வருபவர் நம் தோளைத் தாண்டிக் கையை நீட்டிவிடுவார்; அங்கே நிற்காமல் விலகி ஓட வேண்டும். ஸ்டிக் ரூட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 5, 6 யார்டு போய், ஸோன் என்றால் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடுவார். மேன் என்றால் வெளிப்பக்கம் வெட்டி ஓடுவார். குவார்ட்டர்பேக்கும் ரிசீவரும் ஒரே நொடியில் ஒரே பதிலுக்கு வர வேண்டும். அதனால்தான் நிறையத் திரும்பத் திரும்ப ஓடிப் பார்க்க வேண்டிய ரூட் இது.

மேன் என்றாலே ஸ்லான்ட் என்று முடிவு கட்டுவதும் தவறு. கவர் 0வில் பின்னால் சேஃப்டியே இல்லை. அதனால் காவலர்கள் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ஸ்லான்ட் அவர்கள் மேலேயே போய் மோதும். வெளிப்பக்கம் திறந்திருக்கிறது, ஃபேட் எறியலாம். கவர் 1இல் நடுவே ஒரு காவலர் ஆள் பொறுப்பின்றிச் சும்மா நின்றுகொண்டிருக்கலாம். அவர் கண் குவார்ட்டர்பேக்கின் மேல்தான். எறிவதற்கு முன் ஸ்லான்ட் பக்கமே வெறித்துப் பார்த்தால் அவருக்கு அழைப்பு விடுத்தது போலாகும்.

மேனை உடைக்க ரிசீவர்களைக் குறுக்கே விடும் அணிகள் விதியையும் நினைவில் வைக்க வேண்டும். என்எஃப்எல்லில் ஸ்க்ரிமேஜ் கோட்டை (ஆட்டம் தொடங்கும் கோடு) தாண்டி 1 யார்டுக்கு அப்பால், பாஸ் தொடப்படுவதற்கு முன் தடுத்தால் தாக்குதல் அணிக்குத் தண்டனை. ரிசீவர் தன் ரூட்டை ஓட வேண்டும். அவர் ஓடும் வழியே காவலருக்கு இடைஞ்சலாக அமைய வேண்டும். தோளைக் கொடுத்து இடித்தால் நடுவரின் தண்டனைக் கொடி விழும்.

பிளிட்ஸ் வருகிறது என்று நம்பி எறிவது

பிளிட்ஸ் என்றால் கூடுதல் தடுப்பாட்டக்காரர்கள் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்து வருவது. பாய்ந்து வருபவர் விட்டுப்போன இடத்தில் பந்தைப் போடு என்பது பழைய பாடம். பயிற்சியாளர் டிக் லெபோ பரப்பிய ஸோன் பிளிட்ஸ் அந்தப் பாடத்தையே பொறியாக்கியது. வருவது போல் நிற்பவர் பின்வாங்குவார், வேறொருவர் வருவார். 2009 பிப்ரவரி 1, 43ஆவது சூப்பர் பௌல், முதல் பாதியின் கடைசி நொடிகள். அரிசோனா கோல் கோட்டை ஒட்டி நிற்கிறது. பிட்ஸ்பர்க் தடுப்பாட்டக் குழு அப்போது லெபோவின் பொறுப்பில். பிட்ஸ்பர்க்கின் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் பாய்ந்து வருவது போல் காட்டிவிட்டுப் பின்வாங்கினார். ரிசீவர் ஆன்குவான் போல்டினுக்கு அரிசோனாவின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிந்த குறும்பாஸ் ஹாரிசன் கையில் விழுந்தது. 100 யார்டு ஓடி டச்டவுன். பிட்ஸ்பர்க் வென்றது 27-23 கணக்கில்.

வார்னர் அனுபவசாலி, அவருக்கே அது நடந்தது. ஸ்னாப்புக்கு முன் எடுத்த முடிவை ஸ்னாப்புக்குப் பின் ஒரு நொடியில் சரிபார்க்க வேண்டும். அந்த ஆள் உண்மையிலேயே வந்தாரா? வரவில்லை என்றால் பந்தை வெளியே எறிந்துவிடுங்கள். கோல் கோட்டருகே இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே காக்க ஆழமே இல்லாததால் எல்லோருடைய கண்ணும் குறும்பாஸின் மேல்தான் இருக்கும்.

அடுத்த ஆண்டு சூப்பர் பௌலிலேயே இண்டியானாபோலிஸ் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்குக்கு வேறு விதமாக நடந்தது. 3ஆவது டவுன் (மூன்றாவது முயற்சி), 5 யார்டு தேவை. ரெஜி வெய்னுக்கு அவர் எறிந்த பாஸை நியூ ஆர்லியன்ஸின் ட்ரேசி போர்ட்டர் முன்பே ஊகித்துப் பாய்ந்து, 74 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். மேனிங் கவரேஜைத் தவறாகப் படித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சூழ்நிலைக்கு அந்த ரூட் வரும் என்பதைப் போர்ட்டர் வீடியோவில் படித்து வைத்திருந்தார். நல்ல ரூட்டையே மறுபடி மறுபடி எறியும் அணி, அதே தொடக்கத்தில் இருந்து மேலே ஓடும் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். ஸ்லான்ட் போல் வெட்டிவிட்டு நேராக ஓடும் ஸ்லக்கோ இருந்தால் கார்னர் முன்னே பாயத் தயங்குவார்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் வருவதால் இந்த ரூட்களைப் புதிதாகக் கற்பவர்கள் பெருகுவார்கள். அங்கே பக்கத்துக்கு 5 பேர், உடல் மோதல் கிடையாது, ஆகவே குறுக்கே மறிக்கும் வித்தை செல்லாது. தொடங்குபவர்கள் ஸ்டிக், ஸ்னாக், இரட்டை ஸ்லான்ட் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பயிற்சியில் ரிசீவர்களை ஓடவிட்டு, எதிரே ஒரே ஒரு காவலரை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அவர் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைக் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னாலிருந்து பயிற்சியாளர் கை காட்டட்டும். பந்து பிடிபட்டதா என்பதைக் குறித்து வைக்க வேண்டாம். அவர் நகர்ந்ததற்கு எதிர்ப்பக்கம் பந்து போனதா என்பதை மட்டும் குறித்து வையுங்கள்.