மனச்சோர்வும் பதற்றமும் பொழுதுக்குப் பொழுது மாறும்: நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

காலையில் பல் துலக்கக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தவர், மாலை ஏழு மணிக்கு எல்லோருடனும் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார். வீட்டாருக்குக் குழப்பம். மறுநாள் காலை அவர் மறுபடி எழ முடியாமல் கிடக்கும்போது, "நேத்து சாயந்திரம் நல்லாத்தானே இருந்தே, இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் மனச்சோர்வில் இருப்பவரை இந்த அளவுக்கு வதைக்கும் கேள்வி வேறில்லை. அதன் பிறகு அவர் மாலையில் சிரிக்கவே தயங்குவார். இல்லையென்றால், நாம் நடிக்கத்தான் செய்கிறோமோ என்று தன்னையே சந்தேகிக்க ஆரம்பிப்பார்.

இது நடிப்பும் அல்ல, சோம்பலும் அல்ல. பொழுதுக்குப் பொழுது மனநிலை ஏறி இறங்குவதை மருத்துவம் நெடுங்காலமாகவே ஓர் அறிகுறியாகப் பார்த்துவருகிறது. 1960-ல் மனநல மருத்துவர் மாக்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலில், காலையில் மோசமா மாலையில் மோசமா என்று குறிக்கவே ஓர் இடம் உண்டு. எந்த நல்ல செய்திக்கும் மனம் அசையாத கடுமையான வகை மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் கவனிக்கும் அறிகுறிகளில் இரண்டு இவை: வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமாவது முன்பே விழிப்பு வந்துவிடுவது, நாளிலேயே காலைப்பொழுது மிக மோசமாக இருப்பது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சிறு திரள்தான் அதை நடத்துகிறது. தூக்கம், உடல் வெப்பம், பசி, ஹார்மோன் எல்லாம் அதன் கணக்குப்படியே ஏறி இறங்கும். உடம்பை உஷாராக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, விழித்த 30 முதல் 45 நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். எழுந்து வேலை பார்ப்பதற்காக எல்லோர் உடம்பும் செய்யும் ஏற்பாடுதான் இது. ஆனால் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவருக்கு இந்த ஏற்பாடே படபடப்பாகத் தெரியலாம். இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அரைகுறைத் தூக்கம், வெறும் வயிறு, அன்றைய வேலையை நினைத்து வரும் பயம் எல்லாமே கூடச் சேர்ந்துகொள்ளும்.

அதற்காக, "மனச்சோர்வு என்றாலே காலையில்தான் மோசம்" என்று முடிவு கட்டுவதும் தவறு. பலருக்கு நேர்மாறாக நடக்கும். பகலில் வேலை, ஆட்கள், சத்தம் என்று ஓடிவிடும். எல்லாரும் படுத்த பிறகு கவலை ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். பிரிட்டனில் 2020 முதல் 2022 வரை சுமார் 49,000 பேரின் பதில்களை வைத்து லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பார்த்ததில், பொதுவாக மக்களின் மனநிலை காலையில் நன்றாகவும் நள்ளிரவை ஒட்டி மோசமாகவும் இருந்தது. அதனால் அடுத்தவர் அனுபவத்தை வைத்து உங்களுடையதை அளக்காதீர்கள்.

விடியற்காலையில் மனம் சொல்வதை நம்புவது

மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வெளியே இருட்டு. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அடிவயிறு கலங்குகிறது. காரணம் என்று எதுவும் இல்லை. ஆனால் காரணமில்லாத பயத்தை மனம் சும்மா விடாது, தேடிக் கிளம்பிவிடும். கட்டாத கடன், அனுப்பாத மெயில், பத்து வருடத்துக்கு முன் யாரிடமோ சொன்ன ஒரு வார்த்தை. ஏதோ ஒன்று கையில் சிக்கியதும், "இதனால்தான் இந்தப் பயம்" என்று தோன்றிவிடும். உண்மையில் பயம் முதலில் வந்தது, காரணம் பிறகுதான் கிடைத்தது. அதே கடன் மதியம் பன்னிரண்டு மணிக்கும் இருக்கும். ஆனால் அப்போது அது ஒரு கடன் மட்டுமே.

எனவே வேலையை விடுவது, உறவை முறிப்பது, சிகிச்சையை நிறுத்துவது போன்ற முடிவுகளை உங்கள் மோசமான பொழுதில் எடுக்காதீர்கள். தோன்றுவதைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, உங்களுக்கு ஓரளவு தெளிவாக இருக்கும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள். பாதி அப்போதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் அளவு வேறாகத் தெரியும்.

மனம் சரியானதும் எழலாம் என்று படுக்கையிலேயே காத்திருப்பது அடுத்த தவறு. காலைச் சோர்வு பெரும்பாலும் எழுந்து நடமாடிய பிறகுதான் குறையும். நிறைய வேண்டாம். காலைத் தரையில் ஊன்றுவது, முகம் கழுவுவது, ஜன்னலைத் திறப்பது, முடிந்தால் வாசல் வரை போய் வருவது போதும். வெளிச்சம் முக்கியம். ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டாது. மேகமூட்டமான நாளிலும் வெளியே அதைவிடப் பல மடங்கு ஒளி இருக்கும். உடம்பின் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பது காலை வெளிச்சம்தான். சிகிச்சைக்கென்று 10,000 லக்ஸ் விளக்குகளும் உண்டு. ஆனால் இருதுருவ மனநோய் (மனம் சோர்வுக்கும் மிகையான எழுச்சிக்கும் மாறி மாறிப் போகும் நோய்) இருப்பவருக்கு அவை மனநிலையை அந்த மிகை எழுச்சிப் பக்கம் தூக்கிவிடக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

காலைப் படபடப்புக்கு மேல் வெறும் வயிற்றில் காபி குடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஃபின் இதயத் துடிப்பைக் கூட்டும், கையை நடுங்க வைக்கும். பயம் எது, காபி எது என்று பிரித்தறியவே முடியாமல் போகும். உடம்பில் காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவதால், மாலைக் காபி இரவுத் தூக்கத்திலும் கை வைக்கும்.

நல்ல நேரம் வந்ததும் வாரிப்போட்டுச் செய்வது

இதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. சாயந்திரம் மனம் லேசாகிறது, அப்பாடா என்றிருக்கிறது. நாள் முழுக்கத் தேங்கிய வேலையை எல்லாம் அப்போது தொடங்கி, இரவு ஒரு மணி வரை இழுத்துவிடுகிறார்கள். தூக்கம் குறைகிறது, காலை இன்னும் கனமாகிறது, சாயந்திரத்தை இன்னும் அதிகமாக நம்ப வேண்டியதாகிறது. நல்ல நேரத்தைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்: போன் பேச வேண்டியது, கணக்குப் பார்க்க வேண்டியது போன்ற யோசித்துச் செய்யும் வேலைகளை அங்கே வையுங்கள். ஆனால் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

இரவுக் கவலைக்கு மதுவை மருந்தாக்குவதும் இதே கதைதான். தூக்கம் சீக்கிரம் வரும். பின்னிரவில் அது துண்டு துண்டாகும், விடியும்போது பதற்றம் கூடியிருக்கும்.

மாத்திரையும் மருத்துவரும்

மனச்சோர்வு மாத்திரைகளின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் ஒரு மோசமான காலையை வைத்து "இது வேலை செய்யவில்லை" என்றோ, ஒரு நல்ல மாலையை வைத்து "எனக்குச் சரியாகிவிட்டது" என்றோ நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் மருந்தின் வேகம் குறையும்போது பதற்றம் திரும்ப எழலாம். நோய் முற்றுகிறது என்று பயந்து தாமாகவே கூடுதலாகப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எந்த மணிக்குப் பதற்றம் வருகிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். தொடர்ந்து எடுத்துவந்தவர் இதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

மருத்துவரைப் பெரும்பாலோர் மாலையில் பார்க்கிறார்கள். அவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போது அந்த நேரத்து மனம்தான் பதில் சொல்கிறது: "பரவாயில்லை சார்." விடியற்காலை மூன்றரை மணி அந்த அறைக்குள் வருவதே இல்லை. அதனால் போவதற்கு முன் இரண்டு வாரமாவது குறித்து வையுங்கள். பத்துக்கு எத்தனை என்று நாளைக்கு மூன்று முறை எழுதினால் போதும்: "காலை 7, மனம் 2, பயம் 8. மதியம் 1, மனம் 4, பயம் 5. இரவு 8, மனம் 6, பயம் 3." கூடவே எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்பதும். மணிக்கொரு தரம் குறிக்க வேண்டாம், அப்படிக் கண்காணிப்பதே பதற்றத்தைக் கூட்டும்.

கடைசியாக ஒன்று, இது வீட்டாருக்கும் சேர்த்து. எல்லோரும் தூங்கும் நேரத்தில் தனியாக விழித்திருப்பவருக்கு உயிரை விடும் எண்ணம் வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. எந்த நேரமானாலும் எழுப்பலாம் என்று ஒருவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள். வீட்டார் சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் கூடவே இருங்கள், கைக்கெட்டும் மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாலையில் அவர் சிரித்துவிட்டார் என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.